தேரைக்குள் கல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தேரையின் தலையில் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மதுக்கடை ஒன்றில் இரண்டு பெரிய மனிதர்கள் போட்ட சண்டையில் பிறந்தது. சண்டை 'தேரைக்கல்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக. அது தேரையின் மண்டைக்குள் விளைகிற மருந்துக்கல், நஞ்சை முறிக்கும், பிள்ளைத்தாய்ச்சியைக் காக்கும் என்றார் ஒருவர். ஈயச் சுரங்கத்தில் குறுக்கே வந்து நிற்கும் கறுப்புப் பாறைக்குத்தான் அந்தப் பெயர் என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் சரி. அவர்கள் கத்தி முடிப்பதற்குள் இருவர் தட்டிலிருந்த பொரித்த பன்றித்தோலையும் நான் தின்று முடித்திருந்தேன்.

கல்லுக்குள் தேரை இருந்தால் தமிழர் அசர மாட்டார்கள். அதற்கும் படியளக்க ஆள் உண்டு. தேரைக்குள் கல் என்றால்தான் சிக்கல்.

2.

முதல் வரி: 'பனி மூடிய அந்த மலைச்சரிவில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்—'

வேண்டாம். பனி வந்தால் பின்னாலேயே சோகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஹெஸ்டருக்கு நிறைமாதம். இது போதும்.

தலைப்பிரசவம். அவளைப் பெற்றவள் அந்தப் பேற்றிலேயே போய்விட்டவள். ஆகவே, கையில் தேரைக்கல் இல்லாமல் கட்டிலில் ஏற மாட்டேன் என்று மருத்துவச்சி மார்ஜரியிடம் சொல்லிவிட்டாள் ஹெஸ்டர். மார்ஜரி அதை அவள் கணவன் ஜெர்வாஸிடம் சொன்னாள். அவன் ஈயச் சுரங்கத்துக்காரன். அவனுக்குத் தெரிந்த தேரைக்கல் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் சாக்கைத் தோளிலிருந்து இறக்கினான். உள்ளே முழு ரொட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பாறைத்துண்டு.

"என்ன மனுசா இது?" என்றாள் ஹெஸ்டர்.

"நீதானே கேட்ட? தேரைக்கல்லு. பத்தலைன்னா சொல்லு, வண்டி வண்டியா கெடக்கு."

"ஐயோ என் வாத்தே*! நான் கேட்டது மோதிரத்துல பதிக்கிற கல்லு!"

"இதைப் பதிக்கணும்னா விரலு உலக்கையாட்டம் இருக்கணுமே!"

(* எங்கள் டெர்பிஷயரில் அன்பு முற்றினால் ஆளை வாத்து என்போம். கோபம் முற்றினாலும் அதேதான்.)

3.

இனி சர் ஆம்ப்ரோஸ் வர வேண்டும். ஊரின் நிலக்காரர், தேரைக்கல் பதித்த மோதிரம் ஒன்றின் சொந்தக்காரர். அவரை நல்லவராக எழுதத்தான் ஆசை. ஒவ்வொரு முறையும் பாதியிலேயே வாயைத் திறந்துவிடுகிறார்.

ஹெஸ்டரின் ஆசையைக் கேள்விப்பட்டு அவரே நேரில் வந்தார். ஒரு கையில் மோதிரம். மறு கையில், மூடிய சட்டிக்குள் ஒரு தேரை. கட்டில் ஓரத்தில் சிவப்புத் துணியை விரித்து, அதன் மேல் மோதிரத்தை வைத்தார்.

"அசல் கல்லுன்னா தேரை பொறாமையில அது மேல பாயும். பாருங்க. லத்தீன்ல தேரைக்குப் பூஃபோ. பிரெஞ்சுல கிராப்போ. அதனால இந்தக் கல்லுக்கு அங்கே கிராப்போடின்னு பேரு."

"பேரு வெச்சது போதும் சாமி, புள்ள இன்னும் பொறக்கல" என்றாள் மார்ஜரி.

அப்போதுதான் அவர் கண்ணில் பாறைத்துண்டு பட்டது. ஹெஸ்டர் அதன் மேல் கையை வைத்திருந்தாள், குளிர்ச்சியாக இருந்ததாம்.

"இதையா பிடிச்சிட்டிருக்கே? இது தேரையே இல்லம்மா. சுரங்கம் வெட்ட வந்த ஜெர்மன்காரன் 'டோட்'னான். அப்படின்னா செத்ததுன்னு அர்த்தம். ஈயம் கெடைக்காத செத்த கல்லு. நம்மாளுங்க காதுல அது 'டோடு'ன்னு, நம்ம இங்கிலீஷ் தேரையா விழுந்திருக்கு."

ஹெஸ்டர் சுட்டதுபோலக் கையை எடுத்தாள். முகம் வெளிறிவிட்டது. பிரசவ அறையில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதோ அதை வேர்ச்சொல்லோடு விளக்கிவிட்டோம் என்பது சர் ஆம்ப்ரோஸுக்கு உறைக்கவில்லை.

(அந்த வேர்ச்சொல் சரிதானா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மோதிரத்துக் கல் தேரையில் விளைந்ததே அல்ல, என்றோ செத்துக் கல்லாகிப்போன மீனின் பல் என்பது பிற்பாடு தெரிந்தது. அவரிடம் சொல்லாதீர்கள். தூக்கம் கெடும்.)

தேரையைத் திறந்துவிட்டார். அது மோதிரத்தைப் பார்த்தது. ஆவேசத்துடன் அதன் மேல்—

இல்லை. பாயவில்லை. மோதிரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து, சுரங்கத்து ஈரம் காயாத பாறைத்துண்டின் மேல் ஏறி, வயிற்றைப் பரப்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"அதுக்கு உடம்பு சரியில்ல" என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

"அப்ப அதுக்கு மாட்டிவிடுங்க சாமி, மோதிரத்தை!" என்றாள் மார்ஜரி.

ஹெஸ்டர் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் பனிக்குடம் உடைந்தது.

4.

மோதிரம் அவளுடைய வீங்கிய விரலில் முதல் கணுவைத் தாண்டவில்லை. தலையணையில் போட்டார்கள். பாறை காலடியில் கிடந்தது. ஆண்களை மார்ஜரி வெளியே விரட்டினாள், தேரையையும்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. மோதிரம்தான் காத்தது, இதை சர் ஆம்ப்ரோஸ் தேவாலய வாசலில் ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னார். பாறைதான் காத்தது, இது சுரங்கத்துக்காரர்கள் கட்சி, தேரையே சாட்சி.

இரண்டும் பொய். பிள்ளை பிறக்கும்போது ஹெஸ்டர் எந்தக் கல்லையும் பிடித்திருக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது மார்ஜரியின் கழுத்தை. நகக்குறி மறையும்வரை மார்ஜரி துணி சுற்றிக்கொண்டுதான் நடமாடினாள்.

5.

சில மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில் பக்கத்து வீட்டு டாம்சின் ஹெஸ்டரின் கதவைத் தட்டினாள். அவளுக்கும் நிறைமாதம்.

"ஹெஸ்டரக்கா, அன்னிக்கு நீ கையில வெச்சிருந்தியே ஒரு கல்லு, அதைக் கொஞ்சம் குடேன். ராத்திரியெல்லாம் பயந்து சாகறேன்."

இடுப்பில் குழந்தையோடு ஹெஸ்டர் யோசித்தாள். மோதிரம் என்றால் இந்தப் பெண் மேடேறி சர் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போய் லத்தீன் கேட்க வேண்டும். பாறை என்றால் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதன் பெயர் செத்த கல் என்று யாராவது சொல்லித் தொலைப்பார்கள். உண்மையைச் சொன்னால் கையில் கொண்டுபோக எதுவுமில்லை, மார்ஜரியின் கழுத்துக்கோ வயதாகிறது.

"டாம்சின், என் வாத்தே, நான் பிடிச்சிருந்தது என்னன்னா—"

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. இந்த வாக்கியத்தை நீங்கள் எப்படி முடிக்கிறீர்களோ, அதுதான் இனி இந்த ஊரில் தேரைக்கல்லின் பொருள். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். நிறைமாதக்காரியை வாசலிலேயே நிற்க வைப்பது நன்றாக இல்லை.