தாமான் மெலாத்தியின் மேயர்

மேயரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் இந்த மலாய் நாட்டில் ஒழிந்து அறுபது வருஷமாகிறது. மேலே இருப்பவர்கள் ஒருவரைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கீழே இருப்பவர்கள் பேப்பரில் படத்தைப் பார்த்து, ஓகோ இவர்தானா என்று தெரிந்துகொள்வார்கள். இது தெரியாத ஆள் தாமான் மெலாத்தி குடியிருப்பில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது நல்லம்மாளாக இருந்ததுதான் தியாகராசாவின் போதாத காலம்.

தியாகராசாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா; மகன் நகர மன்றத்தில் கிராணி. எந்த மன்றம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. முப்பத்து மூன்று வருஷம் அங்கே புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, வருகிற கடிதங்களுக்கு நம்பர் போட்டு, பதில் எழுதி, பென்ஷன் வாங்கிக்கொண்டு கிள்ளான் பக்கம் தாமான் மெலாத்தியில் வீடு வாங்கி வந்தார். வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர்.

அவரை மேடை ஏற்றியது மகள் ஷாமினி. அவள் வழக்கறிஞர். உள்ளூர்த் தேர்தல் திரும்ப வரவேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். சும்மா கையெழுத்துப் போடச் சொன்னால் யார் போடுவார்கள்? ஒரு மாதிரித் தேர்தல் வைப்போம், மேயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி இருக்கும் என்று ஜனங்கள் ஒரு தடவை அனுபவித்துப் பார்க்கட்டும் என்று யோசனை சொன்னாள். இப்போது இருக்கிற நிலையே நல்லது என்று பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேலாயுதத்தைப் பிடித்தார்கள். எதிர்த்து நின்று மாற்றம் வேண்டும் என்று பேச அப்பா. பாவம் வேலாயுதம், "நான் தோத்தாத்தானே எல்லாருக்கும் நல்லது?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாமானின் பொது மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கூட்டம். முதலில் தியாகராசா எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். பிறகு முப்பத்து மூன்று வருஷமாக உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்தது.

"உங்க புகாரையெல்லாம் வாங்கினவன் நான். லோங்காங்ல சாக்கடைத் தண்ணி அடைச்சிருக்கு, தெரு விளக்கு எரியல, குப்பை லோரி வரல. எல்லாத்துக்கும் பதில் எழுதினேன். ஆனா ஒரு புகாருக்காக ஒரு மேயர் தூக்கம் கெட்டதை நான் பார்த்ததே இல்ல. ஏன் கெடணும்? அவரைக் கொண்டு வந்து உட்கார வச்சது நீங்களா? இல்ல. எழுப்பி அனுப்பப் போறது நீங்களா? அதுவும் இல்ல. அந்த நாற்காலி ஒரே ஒரு தடவை உங்க கையில இருக்கட்டும். அடுத்த வாரமே லோங்காங்கைக் கழுவி விட்டிருப்பாங்க, பாருங்க!"

மண்டபம் கைதட்டியது. தனக்காக இத்தனை கைகள் தட்டும் என்று தியாகராசா கனவிலும் நினைத்ததில்லை. நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அப்போது பின்வரிசையில் நல்லம்மாள் எழுந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். குடியிருப்பின் கடைசி வரிசையில் மூலை வீடு. அவள் புருஷன் அய்யாவு முன்பு லோரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் வலது கை ஒன்றுதான். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து தானேதான் சாப்பிடுவார். யாராவது ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வார். அந்த ரோஷத்தைப் பற்றி நல்லம்மாள் பெருமையாகவே சொல்லிக்கொள்வாள்.

"ஐயா, எங்க வீட்டு முன்னால மன்றத்து அங்சானா மரம் நிக்குது. ஒரு கிளை அப்படியே கூரை மேல சாஞ்சு கிடக்கு. அடியில உளுத்துப்போச்சு. அதுக்கு நேர் கீழ முன் ரூம்லதான் இவரு கட்டில். ஆஸ்பத்திரிக் கட்டில், உள் கதவுல நுழையாது. நாலு தடவை சொல்லிட்டேன், யாரும் வரல. என் தங்கச்சி மகன் திருச்செல்வம் நாளைக்கு மெஷின் கொண்டாந்து கிளையை வெட்டுறேங்கிறான். வெட்டுனா தப்புங்கிறாங்க. நீங்க மன்றத்துல இருந்தவரு. வெட்டவா, வேணாமா?"

தனியாக வந்து கேட்டிருந்தால் தியாகராசா என்ன சொல்லியிருப்பாரோ. கையில் மைக் இருந்தது, எதிரில் கூட்டம் இருந்தது.

"வெட்டாதீங்கம்மா! மன்றத்து மரம், தொட்டா சமன் வரும், அபராதம் கட்டணும். அது கூடப் பரவாயில்ல. ஆளாளுக்கு மெஷின் எடுத்தா அப்புறம் மன்றம் எதுக்கு, மேயர் எதுக்கு? செய்ய வேண்டியவங்களைச் செய்ய வைக்கணும். அதுக்குத்தானே இந்தத் தேர்தல்! நான் ஜெயிச்சா முதல் கடுதாசி உங்க மரத்துக்குத்தான்."

அன்றைய கூட்டத்தில் பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. நல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க சொன்னா சரிங்கய்யா. அவனை வர வேணாம்னு சொல்லிடுறேன்."

காரில் ஏறும்போது ஷாமினி சொன்னாள்: "அப்பா, அந்த ஆன்டி இதை நிஜ எலெக்‌ஷன்னு நினைச்சிட்டிருக்காங்க லா. எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கைதட்டல் வாங்கிய காதுக்கு வேறெதுவும் சீக்கிரம் ஏறுவதில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்பு. நல்லம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஏழரை மணிக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஐசி அடையாள அட்டையை வாங்கிப் பெயரைச் சரிபார்த்தார்கள், சீட்டுக் கொடுத்தார்கள், பெட்டி இருந்தது, விரலில் மை கூட வைத்தார்கள். எல்லாம் நிஜம் போலவே இருக்கவேண்டும் என்று ஷாமினி அவ்வளவு கவனமாகச் செய்திருந்தாள். பிறகு நல்லம்மாளை எப்படிக் குறை சொல்வது?

இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நாற்பத்தொன்று. தியாகராசா ஜெயித்தார். வேலாயுதமே நிம்மதிப் பெருமூச்சோடு வந்து மாலை போட்டார். நல்லம்மாள் ஒரு டப்பா நிறையக் கேசரி கொண்டுவந்திருந்தாள்.

"மேயரய்யா, மரத்தை எப்ப வெட்டுவாங்க?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் மை வைத்த விரலை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

"நாளைக்கே எழுதுறேம்மா" என்றார்.

பொய் சொல்லவில்லை, எழுதினார். மரத்தைப் படம் பிடித்து, கடிதத்தோடு சேர்த்து, திங்கட்கிழமை காலை மன்றத்துக்கு நேரிலேயே கொண்டுபோனார். கவுண்டரில் விஷ்ணுப்ரியா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் இருந்தாள். நல்ல பெண். அங்கிள் என்று மரியாதையாகவே பேசினாள். கம்ப்யூட்டரில் தட்டி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"பதினாலு வேலை நாள் ஆகும் அங்கிள்."

"இது அவசரம் மா. கீழ நோயாளி படுத்திருக்காரு. யாராவது பெரிய ஆபீசரைப் பார்க்க முடியுமா?"

"எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க. சீட்டுல எழுதியிருக்கு பாருங்க."

பார்த்தார். 'தங்கள் புகார் நடவடிக்கையில் உள்ளது' என்று மலாயில் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் பேருக்கு அவரே அனுப்பியிருப்பார்! வாங்கிய பக்கத்திலிருந்து படித்தது இதுதான் முதல் தடவை. அதில் ஒன்றுமே இல்லை என்பது கையில் சீட்டோடு நிற்கும்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை போன் செய்தார். புதன்கிழமை திரும்பவும் போனார். ஊதுற சங்கை ஊதியாயிற்று. நல்லம்மாளிடம், "எழுதியாச்சும்மா, வந்திடுவாங்க" என்றார். அவள் அதை வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எப்படியும் வியாழக்கிழமை உண்மையைச் சொல்லி, திருச்செல்வத்தைக் கூப்பிடச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சமன் வந்தால் தன் தலையில் வரட்டும்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வானம் கறுத்தது. கிள்ளான் மழையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அன்று மழைக்கு முன்னால் காற்று வந்தது. தியாகராசா வீட்டு வாசல் தகரம் படபடத்தது. அவர் போனை எடுத்தார்.

"நல்லம்மா, அவரைப் பின்னால கொண்டு போங்க!"

"கட்டில் கதவுல மாட்டுதுங்கய்யா!"

"கட்டிலை விடுங்க! மெத்தையோட கீழ இறக்கி இழுங்க! நான் வரேன்!"

குடை இரண்டாவது வளைவிலேயே திரும்பிக்கொண்டது. தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். அறுபத்தெட்டு வயதில் ஓடுவதென்றால் எவ்வளவு ஓட முடியும்? கடைசி வரிசைக்குள் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. ஒரு நீள முறிவு, அப்புறம் ஓடுகள் விழுகிற ஓசை.

பக்கத்து வீட்டு ஆட்கள் அவருக்கு முன்னால் உள்ளே போயிருந்தார்கள். அய்யாவு பாதி மெத்தையிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தார். நல்லம்மாள் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி உள் கதவுப் பக்கம் இழுத்துவிட்டிருந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த வலது கை மட்டும்தான் பின்தங்கியது. கிளை அதன் மேல் கிடந்தது.

உயிர் தப்பியது. கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று மன்ற லோரிகள் வந்தன. பத்து மணிக்குள் கிளை என்ன, மரமே இல்லை. வேரைச் சுற்றி மண் போட்டுக் கூட்டிவிட்டுப் போனார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பதினொரு மணிக்குத் தியாகராசாவின் போனில் ஒரு செய்தி வந்தது. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

அன்று மாலை ஷாமினியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் நல்லம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க மேயரய்யா. மரத்தை வெட்டிட்டாங்களாம்ல! திருச்செல்வம் சொன்னான். நாலு தடவை நான் போனப்ப ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. நீங்க ஜெயிச்சு ஒரு வாரம் கூட ஆகல, மூணு லோரி வந்திருக்கு." பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் திரும்பினாள். "இவருதான் எங்க மேயரு. நான் ஓட்டுப் போட்டவரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை.

"நல்லம்மா, நான் மேயர் இல்லம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அது நிஜத் தேர்தல் இல்ல. சும்மா ஒரு... ஜனங்களுக்குக் காட்டுறதுக்காக வச்சது. மேயரை நாம யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு ஒரு அதிகாரமும் இல்ல. நானும் உங்களை மாதிரி கவுண்டர்ல சீட்டு வாங்கிட்டுத்தான் வந்தேன். முன்னாலயே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

நல்லம்மாள் உட்கார்ந்தாள். விரலில் மை இன்னும் அழியவில்லை. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று தியாகராசா காத்திருந்தார், வரவில்லை. குரலைக் கூட அவள் உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவளைப் போலக் கேட்டாள்:

"அப்ப, வெட்டாதேன்னு என்கிட்ட சொன்னது யாருங்கய்யா?"

தியாகராசா சட்டைப்பையில் இருந்த புகார்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் அவர் எழுதி அனுப்பிய அதே வரிதான் அதில் இருந்தது.

நல்லம்மாள் கஞ்சியை ஒரு கரண்டி அள்ளி ஊதினாள். அய்யாவு வாயைத் திறந்தார்.