நாலாவது பொன்னாடை

எங்கள் பிரதேச சபைக்கு ஒரு நல்ல பழக்கம். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாது. பொன்னாடை போர்த்திவிடும்.

றிபா கேட்டது குப்பை ட்ரக்டர். ஒன்பது வருஷம் குவைத்தில் யாரோ வீட்டுத் தரையைத் துடைத்து, ஊரில் கடலோரமாக மூன்று அறை கட்டி, அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு விட்டிருக்கிறாள். அறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலுக்கு நேரே, சபையின் காணியில், ஊர்க்குப்பை முழுவதும் மலையாகக் கிடந்தது. மீன் தலை, கோழி இறகு, குரும்பைக் கோம்பை. வந்தவர்கள் ஒரு இரவோடு மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த சறுக்குக் கரையான அறுகம்பேக்குப் பஸ் ஏறினார்கள். இந்த சீசனும் படுத்தால் அவளும் திரும்பக் குவைத்துக்குத்தான்.

முதல் மனுவுக்கு, சிறந்த பெண் முயற்சியாளர் என்று ஒரு பொன்னாடை. இரண்டாவதுக்கு, சபையும் சுற்றுலாத் தொழிலும் கைகோர்க்கும் கூட்டத்தில் இன்னொன்று, கூடவே தேத்தண்ணியும் பெட்டிஸும். மூன்றாவதைச் சபைத் தலைவரான தவிசாளரே அவள் வாசலுக்கு வந்து போர்த்தினார். படத்தில் குப்பை விழாமல் அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள். பக்கத்தில் சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிற நானும் அன்றைக்கே குப்பையை அள்ளச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

சபையின் சுற்றுலா உத்தியோகத்தர் இன்பாஸ் ஒருநாள் றிபாவிடம் வந்தான்.

"ராத்தா, வெள்ளிக்கிழம ஒங்கட வாசல்லயே பெரிய விழா. ஒங்களுக்குத்தான் பொன்னாட."

"எனக்குப் பொன்னாட வேணாம் தம்பி. குப்பைய அள்ளுங்க."

"அதுக்கு பட்ஜட் இல்ல ராத்தா. பொன்னாடைக்கி இரிக்கி."

றிபா தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை நாலாவதையும் பணிவாக வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் மற்ற மூன்றையும் எடுத்துவந்து, தவிசாளர் பார்த்திருக்க, நாலையும் குப்பைமேல் போர்த்தினாள்.

"இந்த ஊர்ல ஆரும் அசைக்க ஏலாத பெரிய மனிசன் இதுதான். மரியாத செய்யோணும்தானே."

சனம் கொல்லென்று சிரித்தது. தவிசாளர் கறுத்த முகத்தோடு வாகனம் ஏறினார்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வருகிறேன், ட்ரக்டர் சத்தம். றிபா கண் கலங்கி வாசலில் நின்றாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

இரண்டு ஊழியர்கள் இறங்கினார்கள். பொன்னாடை நாலையும் எடுத்து, உதறி, மடித்து, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்தார்கள்.

"குப்ப?"

"எங்களுக்கு இதத்தான் சொன்ன ராத்தா. நாளைக்கி வேற ஆருக்கோ போத்தணுமாம்."

ட்ரக்டர் வெறுமையாகத் திரும்பிப் போனது. றிபா உள்ளே போய் பாஸ்போர்ட்டைத் தேடத் தொடங்கினாள்.

பத்து மணிக்கு இன்பாஸ் எனக்குப் போனில் கோல் எடுத்து, பாசமாக அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

"நானா, நாளைக்கிப் பொன்னாட ஒங்களுக்கு."