மாறவேள் நடந்துகொண்டிருந்த வாரங்கள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் தங்கை சண்முகவடிவு, பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் பூலோகம், பக்கத்து வீட்டில் இட்லி அவித்து விற்கும் பேராச்சி, தோல் வியாபாரி ஷாகுல் ஹமீது, மாட்டுங்காவிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஜம்பு. என் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். தானும் அங்கே இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிற வேறு எவரும் அங்கே இல்லை.

அறுபத்து நான்காம் வருஷம், மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்பாய் தாராவியில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. ஞாயிறு மத்தியானம் கடையை அடைத்ததும் மேலே வாசிப்பு நடக்கும். கிங்ஸ் சர்க்கிளில் மதராஸ் பத்திரிகைகள் விற்கும் கடையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையின் பிரதி வாங்கி வருவோம். அதில் 'ஊமைக்கோட்டை' என்ற தொடர்கதையின் இரண்டாம் பாகம் வந்துகொண்டிருந்தது. என் தங்கை வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் அயலார் முன்னால் குரல் எடுத்து வாசிப்பது வழக்கமில்லை. நான்தான் அனுமதித்தேன். அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் மாசானம் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் கரையிறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு என் வீட்டுக்கு வந்த தங்கை யாரோடும் பேசவில்லை. முதல் பாகத்தை யாரோ கொடுத்தபோதுதான் அவள் குரலை மறுபடி கேட்டேன். அந்தக் குரலுக்காக நான் என் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

வாசிக்க அவளை விட்டால் ஆளும் இல்லை. பூலோகம் முனிசிபாலிட்டி பள்ளியில் இந்தி படித்தவன். பேராச்சிக்கு எழுத்து தெரியாது. ஷாகுல் ஹமீது சிறுவயதில் அரபு எழுத்தில் தமிழ் வாசிக்கக் கற்றவர், நம் எழுத்து அவருக்கு ஓடாது. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கதைப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு உட்காருவது என் வயதுக்கும் கடைக்கும் தகாது என்பதால் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கதை இதுதான். உள்ளே போகிறவர்களின் குரலைப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு கோட்டை. முதல் பாகத்தில் இளவரசன் மாறவேள் அதை உடைத்து மக்களை மீட்கிறான். இரண்டாம் பாகத்தில் கோட்டை மறுபடி முளைக்கிறது. மீட்கப்பட்டவர்களே அவனுக்குப் பகையாகிறார்கள். அவன் தனியாக உள்ளே போகிறான். அவன் மனைவி செங்கனி கோபுரத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி வெளியூர் வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பத்திரிகை கேட்டிருந்தது. பம்பாய் வாசகர்களின் கருத்துகளைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை ஜம்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் குமாஸ்தா. மடித்த காகிதமும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார்.

"இருட்டு ஜாஸ்தின்னு மாட்டுங்கால எல்லாரும் சொல்றா. எங்காத்துல அம்மா படிக்கறதையே நிறுத்திட்டா. நீங்க என்ன சொல்றேள்?"

"இருட்டா இருந்தா என்ன?" என்றாள் பேராச்சி. "எங்க சந்துல பட்டப்பகல்லயே இருட்டுதான். அதுக்காக நாங்க இட்லி அவிக்காமலா இருக்கோம்?"

ஷாகுல் ஹமீது தாடியைத் தடவிக்கொண்டார். "மொதப் பாகத்துல எவன் நல்லவன், எவன் கெட்டவன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது. இதுல ஒருத்தனையும் நம்ப முடியல. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. யாவாரத்துல நான் பாக்குற ஆளுக எல்லாம் இப்படித்தான் இருக்காங்க."

"பேருதான் கொழப்பம் சார்" என்றான் பூலோகம். "மாறவேள், மாறவழுதி, மாறன்காரி. ஏக்தம் தலை சுத்துது."

"ஒனக்கு எதுதான் நெனப்புல நிக்கும்? காலையில தின்ன சட்னி தேங்காயா தக்காளியான்னு கேட்டா முழிப்ப."

"ஒங்க சட்னிய வச்சு அதக் கண்டுபிடிக்க முடியாதுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகவடிவும் சிரித்தாள். ஜம்பு எழுதிக்கொண்டே, "அப்போ குறைன்னு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். இழுவை. அத மொதல்ல எழுதுங்க" என்றான் பூலோகம். "மாறவேள் கோட்டைய விட்டு வெளிய வந்து எத்தன வாரமாச்சு! நடக்கான், நடக்கான், நடந்துக்கிட்டே இருக்கான். ஒரு ஆறு வருது, தாண்டுதான். ஒரு காடு வருது, சுள்ளி பொறுக்கிச் சோறு பொங்குதான். அரே, இங்கேருந்து கெளம்பி நொண்டிக்கிட்டே போனாக்கூட இதுக்குள்ள கல்யாண் போய்ச் சேந்திருக்கலாம். அவன் வீடு வந்து சேர மாட்டேங்கான்."

ஜம்புவின் பென்சில் நின்றது. "யாரு நடக்கறா?"

"மாறவேள்தான்."

"மாறவேளா? அவன் கோட்டைக்குள்ளயே செத்துப்போயிட்டானே! கூடப் பொறந்தவனே வாசலை அடைச்சுட்டான். எத்தனையோ வாரம் ஆச்சு. அந்த அத்தியாயத்துக்காகத்தானே மெட்ராஸே சண்டை போட்டுண்டிருக்கு!"

என் தங்கை மடியில் இருந்த இதழை மெதுவாக மூடினாள்.

நான் அவளைப் பார்க்காமலே நிலைமையைப் புரிந்துகொண்டேன். நடந்துகொண்டிருந்த மாறவேள் வலது காலைச் சற்று இழுத்து நடந்தான். சோற்றில் குழம்பு ஊற்றுவதற்கு முன் ஒரு பிடி வெறும் சோற்றைத் தின்றான். எந்த இளவரசனும் அப்படிச் சாப்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மாசானம் என் வீட்டுப் பந்தியில் அப்படிச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கவனித்தேன், கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் மாறவேள் எந்த ஊரைத் தாண்டியிருப்பான் என்று கடையில் இருக்கும்போது நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"எங்க பிரதியில அவன் நடக்கான்" என்றேன்.

ஜம்பு என்னை விநோதமாகப் பார்த்தார். "எல்லாம் ஒரே அச்சுதானே. அந்தப் பழைய இதழைக் கொஞ்சம் காட்டுங்கோ, பார்த்துடலாம்."

"என் தங்கச்சி வாசிச்சதச் சரிபாக்க வெளிய இருந்து ஆள் வர வேண்டாம். காப்பி ஆறுது, குடிங்க."

"விடுங்கண்ணே" என்றாள் சண்முகவடிவு. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "சார் சொல்லுததுதான் சரி. அச்சுல அவன் செத்துட்டான். நான்தான் நடக்க வச்சேன்."

"ஏன்ட்டி?" என்றாள் பேராச்சி.

"வாய் வரல. அந்தப் பக்கத்துல நாலு வரி வாசிச்சேன். நீங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சரி, அடுத்த வாரம் சாகட்டும்னு வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். அடுத்த வாரமும் வாய் வரல."

அவள் அப்படிச் சொன்னதன் அர்த்தம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாசானத்தின் சித்தி முப்பிடாதியம்மாள் நாலு சந்து தள்ளி இருக்கிறார். இன்னும் எத்தனை நாள் இவள் பொட்டும் பூவுமாகத் திரிவாள் என்று அவர் குழாயடியில் கேட்டது என் காதுக்கும் வந்திருந்தது. செய்தி வராதவரை என் தங்கை புருஷன் உள்ளவள் என்று நான் சொல்லி அனுப்பினேன். அதில் எனக்கு அன்றும் மாற்றமில்லை, இன்றும் இல்லை.

பூலோகம் தலையைக் குனிந்துகொண்டான். "இழுவைன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்கக்கா. அந்த சுள்ளி பொறுக்குற எடம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் வேணும்னா அந்த அத்தியாயத்தை வாசிக்கட்டுமா?" என்று ஜம்பு தணிந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம் சார். நானே வாசிச்சுடுதேன். இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கிழம இவங்க முன்னாடி நான் எப்படி உக்கார?"

பழைய இதழ்களுக்குள்ளிருந்து அதை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. அச்சில் இருந்தபடியே வாசித்தாள். கோட்டை வாசல் மூடுகிறது. மாறவேள் கூப்பிடுகிறான், குரல் வரவில்லை. அரண்மனைக்கு ஓலை வருகிறது. உடல் வரவில்லை, ஓலை மட்டும். செங்கனி கோபுரத்தில் ஏறி விளக்கைத் தன் வாயால் ஊதி அணைக்கிறாள். என் தங்கையின் குரல் அந்த இடத்திலும் நடுங்கவில்லை.

உடைந்தது பேராச்சிதான். மாரில் அடித்துக்கொண்டு, "நடந்து வந்த ராசாவ நடுவழியில கொன்னானே" என்று ராகம் போட்டு எடுத்தாள். சாவு வீடுகளில் முன்னால் உட்காரும் குரல் அது. தகரச் சுவர் தாண்டி நாலு சந்துக்கும் கேட்டிருக்கும். ஷாகுல் ஹமீது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜம்பு எழுந்து நின்றுவிட்டார்.

சற்று நேரத்துக்குள் ஏணிப்படியில் காலடி கேட்டது. கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முப்பிடாதியம்மாள் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் படியிலும் கீழேயும் பெண்கள் நின்றார்கள். அவர் நேரே போய் சண்முகவடிவைக் கட்டிக்கொண்டு, "எம் மவனே போயிட்டியா" என்று கத்தி, ஒரு கையை அவள் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"கைய எடுங்க" என்றேன்.

"நான் செய்யாம வேற யார் செய்வா? செய்தி வந்துட்டுன்னு சொன்னாவளே! மாட்டுங்காவுல இருந்து ஆளே வந்து சொன்னாராம்லா! இந்தா நிக்காரே!"

"மேடம், நான் வந்தது ஊமைக்கோட்டைக்கு" என்றார் ஜம்பு.

"எந்தக் கோட்டை?"

"கதை. பத்திரிகைக் கதைல ஒருத்தன் செத்துட்டான். அவ்வளவுதான்."

முப்பிடாதியம்மாள் பேராச்சியைப் பார்த்தார். "கதைக்கா இந்த ஒப்பாரி?"

"நல்ல கதைல்லா!" என்றாள் பேராச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே.

யாரோ கீழே சிரித்தார்கள். நான் படி அருகே போய் நின்றேன். சிரிப்பு அடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். முப்பிடாதியம்மாளை நானே கைபிடித்து இறக்கிவிட்டேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. வயதான பெண்மணி, மகன் முறைக்காரனுக்காகத்தான் ஓடி வந்தார். அந்த அழுகையில் பொய் இல்லை.

நான் திரும்பி வந்தபோது சண்முகவடிவு நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தைச் சுண்டுவிரலால் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்ணாடி பார்க்கவில்லை.

"சார், என் கருத்த எழுதிக்கிடுதீங்களா?" என்று ஜம்புவைக் கேட்டாள்.

அவர் உட்கார்ந்து காகிதத்தை மறுபடி விரித்தார்.

"ரெண்டாம் பாகம் நல்லாத்தான் இருக்கு. மொதப் பாகத்த விட நல்லாருக்கு. ஆனா செங்கனி வெளக்க அணைச்சது சரியில்ல. வந்தது ஓலைதானே? ஒடம்ப யாரும் பாக்கலல்லா? அவ எப்படி அணைக்கலாம்? இத எழுதினவருக்குத் தெரியலன்னு எழுதுங்க."

"பேர் போடட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் வருவதை வேறு எந்த நாளிலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

"திருமதி சண்முகவடிவு மாசானம்னு போடுங்க" என்றேன்.

அந்தக் கருத்து பத்திரிகையில் வரவில்லை. மாட்டுங்காக்காரர்கள் சொன்னதுதான் வந்தது, இருட்டு அதிகம் என்று. வாசிப்பு நிற்கவில்லை. மாறவேள் இல்லாத கதையை அச்சில் உள்ளபடியே என் தங்கை கடைசிவரை வாசித்தாள். சில ஞாயிறுகளில் எல்லோரும் போன பிறகு, "அந்த ஆத்தத் தாண்டினானே, அதுக்குப் பொறவு எங்க போனான்?" என்று நான் கேட்பேன். சொல்லுவாள்.

இதையெல்லாம் நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம், அன்று ஜம்பு கொண்டு வந்தது மாசானத்தின் சாவுச் செய்திதான், குடும்பத்து மானத்துக்காக நான் அதைக் கதை என்று சொல்லி மறைத்துவிட்டேன், என் தங்கை தெரிந்தே பொட்டு வைத்துக்கொள்கிறாள் என்று தாராவியில் சிலர் பேசிக்கொள்வதுதான். அது பொய். ஜம்பு வாசகர் கருத்து கேட்க வந்தார், கேட்டுக்கொண்டு போனார். மாசானத்தைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.