ஊன்றிய கால்

இந்த வாசலைக் கடந்தவன் வானத்தைத் தொடுவான்.

கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தின் முன்சுவரில் ஆளுயர எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. வானம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. விடுதியில் அது மின்விசிறியில் தொடங்கியது. ஏணி வாங்கும் வழக்கம் அங்கே கிடையாது. விசிறி துடைப்பதும் பல்ப் மாற்றுவதும் பையன்கள் பாடு.

கொக்கு பால்மணம் மாறாத வயதில் உள்ளே போய், மீசை முளைத்து வெளியே வந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வீட்டிலேயே அதை மறந்துவிட்டார்கள். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: விளையாட வேண்டும். வேறெதுவும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விடைபெறும் விழாவில் இயக்குநர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். "எங்ககிட்டேருந்து போன ஒருத்தன்கூட வேலையில்லாம இருந்ததில்லை. நூத்துக்கு நூறு." கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. நடைக்கூடத்தில் பழைய மாணவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் உயரமும், ‘முன்னணி நிறுவனமொன்றில்’ என்ற வாசகமும். அங்கே என்ன ஆடுகிறார்கள் என்று எழுத இடம் போதவில்லை போலும். நடுநாயகமாக இருந்தது கேப்டனின் படம். கொக்கைவிட ஒரு விரற்கடை உயரம். அந்த ஒரு விரற்கடையை எட்டிப்பிடிக்க அவன் கம்பியில் தொங்காத நாளில்லை.

விழா முடிந்ததும் எதிர்காலப் பாதைகள் துறையின் தலைவர் அவனைக் கூப்பிட்டார். துறையில் வேறு யாரும் இல்லாததால் அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பெரிய குழுமம். உன்னையேதான் கேட்டாங்க."

"என் ஆட்டத்தைப் பார்த்தாங்களா சார்?"

"உயரத்தைப் பார்த்தாங்க."

"அங்கே டீம் இருக்கா?"

"உருவாயிட்டிருக்கு. காலையில நேரா போயிடு. கறுப்புத் தோல் ஷூ போட்டுக்கோ."

"விளையாட்டு ஷூ வேணாமா சார்?"

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். "பையில வெச்சுக்கோ. யாரும் தடுக்கப் போறதில்லை."

வெளிவாசலில் விடுதிக் காப்பாளர் அவன் அக்குளில் இருந்த பந்தை உருவிக்கொண்டார். "இது கழகத்துச் சொத்துப்பா."

கொக்கின் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலமெல்லாம் அடுத்தவர்களை மேலே அனுப்பியே முதுகு வளைந்தவர். இப்போது தன் முறை வந்துவிட்டதாக நம்பினார். அவர் கை வைத்த கட்டடங்களில் எல்லாம், மாடிக்கு மாடி செய்தி போய்ச் சேர்ந்தது: பையன் கான்ட்ராக்ட் கையெழுத்துப் போடப்போகிறான்.

"ஏண்டா கொக்கு, பெரிய ஆளானப்புறம் எங்களை எல்லாம் குனிஞ்சு பார்ப்பியா?" என்றாள் அக்கா.

"இப்பவே குனிஞ்சுதானே பார்க்கறேன்."

அப்பா அவனைச் செருப்புக் கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவன் நல்ல நெட்டை. கழுத்து முன்னால் வளைந்திருந்தது. திறக்கும்போது அவன் இடது கால் ஆணி அடித்தாற்போல் தரையில் நிற்க, வலது கால் மட்டும் சுழன்று பின்னால் போயிற்று.

கொக்குக்கு அந்தச் சுழற்சி தெரியும். பந்தைக் கையில் பிடித்தவன் ஒரு காலை ஊன்றி மற்றதைத்தான் சுழற்றலாம். ஊன்றிய கால் நகர்ந்தால் விசில். கழகத்தில் இதை எலும்பில் ஏற்றிவிடுவார்கள். பல் துலக்கும்போதுகூட அங்கே ஒரு கால் நகராது.

"எந்த வருஷம்?" என்றான் நெட்டையன், உதடு அசையாமல்.

"இந்த வருஷம்."

"கறுப்புதானே?" அளவு கேட்கவில்லை. ஆகாயத்தில் இருந்த அலமாரித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். "முதல்ல கடிக்கும் தம்பி. அப்புறம் கால் இருக்கறதே தெரியாது."

தெருவுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "பார்த்தியா? வளர்ந்து என்ன புண்ணியம்? ஒழுக்கம் இல்லைன்னா இப்படி வாசல்லதான் நிக்கணும்."

கொக்கு நிமிர்ந்து பார்த்தான். எதிரே வங்கி வாசலில் ஒரு நெட்டையன் நின்றான். அடுத்து நகைக்கடையில் ஒருவன். திருப்பத்தில், மருத்துவமனைக் கதவருகே, இன்னொருவன். பிறந்ததிலிருந்து நடந்த தெரு. ஒருவரும் அவன் கண்ணில் பட்டதில்லை. இன்று ஒவ்வொருவரும் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் போல மெல்லத் தலையசைத்தார்கள்.

மறுநாள் போன இடம் ஒரு பெரிய ஹோட்டல். அடித்தளத்து அறையில் மேலாளர் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார், பீரோ வாங்க வந்தவர் மாதிரி.

"நில்லு."

நின்றான்.

"இன்னும் நில்லு."

பொறுமையைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். கோச்சும் இப்படித்தான் செய்வார்.

"அந்தக் கதவைத் திற."

திறந்தான். இடது கால் நகரவில்லை. மேலாளர் சங்கீதம் கேட்டவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். "கழகத்துப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேணாம்."

"டீம், சார்?"

"அஞ்சு வாசலுக்கு அஞ்சு பேர். ஒண்ணு காலியா இருந்துச்சு, நீ வந்துட்டே. டீம் முழுசாச்சு." ஒரு புத்திமதியும் சொல்லிவிட்டுப் போனார்: "வர்றவங்க முகத்தைப் பார்க்காதே. தலைக்கு மேல பார்."

மூலையிலிருந்து ஒரு நெட்டையர், பித்தளைப் பொத்தான் வைத்த தன் சீருடையையும் தொப்பியையும் கையில் ஏந்தி வந்தார். படத்தில் பார்த்த முகம். கேப்டன்.

"போட்டுப் பாரு. பார்க்கறதுல என்ன குறைஞ்சு போயிடும்? நானும் சும்மா பார்க்கலாம்னுதான் போட்டேன்."

அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். கொக்கு கையை நீட்டினான்.

"எப்போ ஆடுவோம், கேப்டன்?"

"அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்கும்போது."

"எப்போ கிடைக்கும்?"

கேப்டன் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டார். "வாசல் மூடற நாள்ல. இங்கே மூடறதே இல்லைடா."

"அப்போ நீங்க?"

"எனக்குப் பதவி உயர்வு." கேப்டன் விட்டத்தைக் காட்டினார். "விளக்கு துடைக்கணும்."

உச்சிவேளையில், கொக்கு நின்ற வாசலுக்கு அப்பா வந்தார். கையில் கேமரா, பின்னால் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு படை, கடைசியில் அக்கா. ‘அப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொக்கு வாயைத் திறந்தான், நாக்கு புரளவில்லை. பார்வை மட்டும் தானாக எல்லோர் தலைக்கும் மேலே போயிற்று. இடது கால் ஊன்றியது, வலது கால் சுழன்றது, கதவு திறந்தது.

"தேங்க்ஸ்பா" என்று பித்தளைப் பொத்தான்களிடம் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். "கூடைப்பந்து வீரர் ஒருத்தர் வந்திருப்பாரே, எந்த மாடி?" என்று அவர் விசாரிப்பது கேட்டது.

அக்கா மட்டும் நின்றாள். அவள் பார்வை தொப்பியிலிருந்து பொத்தான் பொத்தானாக இறங்கிக் கணுக்காலில் வந்து நின்றது.

ஒரு காலத்தில் ஒரு விரற்கடை உயரமாயிருந்த கேப்டனின் கால்சட்டை, இப்போது கொக்குக்கு நான்கு விரற்கடை குட்டையாக இருந்தது.