வெல்லம் கரைத்த குளம்

1968ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு நாள் விடிந்தபோது, எங்கள் ஊர்க் கோயில் குளத்துக் கெண்டைகள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பார்த்தவர்கள் பசியென்று தாமே முடிவுசெய்து பொரியை அள்ளி இறைத்தார்கள். பத்து மணிக்குள் பாதி மீன்கள் செத்து மிதந்தன. பதினொரு மணிக்குக் குளத்துக் காவலர் குழந்தைவேலுவை மண்டபத் தூணில் கட்டிவிட்டார்கள். மீன்களைப் பிடித்து விற்பதற்காகக் கள்ளிப்பாலைக் கலந்தாராம். கண்டவர் யார்? ஒருவருமில்லை. மாலையில் ஊர் கூடி அவரைப் போலீஸில் ஒப்படைப்பதென்று ஏற்பாடு.

முந்தைய நாள்தான் தர்மகர்த்தா சொக்கலிங்கம் செட்டியார், மகளின் உடம்பிலிருந்த மருக்கள் உதிர்ந்ததற்காக, நேர்த்திக்கடனாக நான்கு மூட்டை வெல்லத்தை அதே குளத்தில் கரைத்திருந்தார். இடுப்பளவுகூட இல்லாத கோடைத் தண்ணீர். அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துவந்தேன். காரணம் காட்டாத விடைக்கு ஒருநாளும் மதிப்பெண் இட்டவளில்லை. நண்பகலில் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, இறுக மூடி ஆறவைத்தேன். மாலையில் அதையும், கொதிக்காத கிணற்று நீரில் விட்ட எங்கள் கிணற்றுக் கெண்டை ஒன்றையும் மண்டபத்துக்குக் கொண்டுசென்றேன்.

“தேனம்மை டீச்சர், பாடத்தைப் பள்ளிக்கூடத்தில வச்சுக்கங்க” என்றார் செட்டியார்.

“இதுல கள்ளிப்பால் இருக்கா? குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் கை நீளவில்லை. நானே ஒரு டம்ளர் குடித்துக் காட்டிவிட்டு, மீதியைக் கண்ணாடி ஜாடியில் மெல்ல ஊற்றி மீனை விட்டேன். கொதிக்காத நீரில் நிமிடத்துக்கு எழுபது முறை அசைந்த செவுள்மூடி, இதில் நூற்றிருபது முறை அடித்தது. சற்று நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

“அட, இதுக்கும் பசிக்குது! பொரி போடுங்கய்யா!” என்றாள் பூக்காரி ராமுத்தாய். கூட்டம் சிரித்தது.

“கொதிச்சதுல தண்ணிக்குள்ள இருந்த காத்துப் போயிருச்சு. செவுளு மூச்சு விடுறதோட நிக்கலை. காத்துக் குறையிறதக் கண்டு மூளைக்குச் சொல்றதும் அதுதான். உடனே வேகமா அடிக்குது, மீனு மேல வருது. குளத்துல வெல்லத்தைத் தின்னு பெருகின கிருமிக, இருந்த காத்தையும் எடுத்துக்கிருச்சு. அதுக்கு மேல பொரி வேற!”

மீனைக் கொதிக்காத கிணற்று நீருக்கு மாற்றினேன். செவுளின் அடி தணிந்தது.

செட்டியார் எழுந்தார். “சரி, அவுத்து விடுங்கப்பா. இந்தத் தடவை மன்னிச்சாச்சு.”

நான் விடவில்லை. “செய்யாத குத்தத்துக்கு என்னத்தை மன்னிக்கிறீக? நீங்கதான் அவருகிட்டக் கேக்கணும்!”

அவர் காதில் வாங்காமல் வாசலை நோக்கி நடந்தார். கயிறு அறுத்த மணிக்கட்டைத் தேய்த்தபடி குழந்தைவேலு குறுக்கே வந்து நின்றார்.

“ஐயா, இன்னமும் நான்தானே காவக்காரன்?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப, இனி வெல்ல மூட்டையோட ஒருத்தரையும் படியிறங்க விடமாட்டேன். நீங்க வந்தாலும்தேன்.”

“ஆகட்டும்” என்ற ஒற்றைச் சொல்லோடு செட்டியார் வெளியேறினார். அவர் கேட்கவேண்டிய மன்னிப்போ, கடைசிவரை வரவேயில்லை.