நோராவின் தட்டுக்கு நான் வைத்த ஷட்ஜம்

சங்கீதத்தில் நான் பிழை விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வயலின் படித்தவள், நாலைந்து மேடையும் ஏறியவள். மெல்பேர்ணுக்கு வந்து, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தாலும் மண்டைக்கனம் மட்டும் குறையவில்லை.

பக்கத்து மேசை நோரா கீன். எழுபத்தாறாம் வருடம் தை மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கசெட்டை என் முன்னால் வைத்தாள். அவள் பேசியது இங்கிலீஷ்தான். நான் என் வாயில் வருகிற தமிழில் சொல்கிறேன்.

"இது என்ர அப்பா வாசிச்சது. எனக்கு நாலு வயசிலை சிட்னியிலை கன்னியாஸ்திரிகளிட்டை விட்டிட்டுப் போனவர். ஒரு மாதத்திலை வாறன் எண்டவர், வரேல்லை. என்ர பெட்டிக்குள்ளை ஒரு இசைத்தட்டு மட்டும் இருந்தது. அவரிலை கோவம், அதைப் போட்டே பாக்கேல்லை. போன வருசம்தான் போட்டுப் பாத்தன். அதைத்தான் இந்தக் கசெட்டிலை பதிஞ்சு வைச்சிருக்கிறன்."

காசு போட்டால் நம் குரலைத் தட்டில் பதிந்து தருகிற கூண்டு அந்தக் காலத்துச் சிட்னியில் இருந்ததாம். அதற்குள் நின்று மனுஷன் ஒரு ஐரிஷ் நடன மெட்டை வயலினில் வாசித்திருக்கிறார். பேச்சு ஒன்றும் இல்லை. தாயும் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். தகப்பனைப் பற்றி நோராவுக்குத் தெரிந்ததெல்லாம் டொம் கீன் என்ற பெயரும் அயர்லாந்து என்ற நாடும்தான். அங்கே கீன் என்பது எங்கள் ஊரில் கந்தையா மாதிரி. எந்தக் கந்தையாவைத் தேடுவது?

ஆனால் டப்ளினில் ஒருவர் நடன மெட்டுகளை ஆயிரக்கணக்கில் அட்டைகளில் எழுதி வைத்திருந்தார். யார் வாசித்தது, எந்த ஊர், எப்போது பதிந்தது, எல்லாம் அதில் இருக்கும். மெட்டின் முதல் சுரங்களை எண்களாக்கி அனுப்பினால் அட்டையைத் தேடி எடுத்துவிடுவார். ஆதார சுரம் ஒன்று, அடுத்தது இரண்டு, அப்படி. எங்களுக்குச் சரிகமபதநி எழுதுகிற மாதிரித்தானே! அந்த எண்களை எழுதித் தரமுடியுமா என்றுதான் நோரா கேட்டாள்.

"இவ்வளவுதானே? நாளைக்குத் தாறன்" என்றேன்.

தம்புரா இல்லாத பாட்டில் அந்த ஆதார சுரம், ஷட்ஜம், எது? எங்களுக்குப் பழக்கம் ஒன்று உண்டு. பாட்டு எங்கே போய் அமர்கிறதோ அங்கேதான் ஷட்ஜம். கசெட்டின் கடைசிச் சுரத்தைப் பிடித்தேன், அதை ஷட்ஜமாக வைத்தேன், எழுதினேன். பார்த்தால் அசல் கரகரப்பிரியா! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

என் கணவர் மகேந்திரராஜா பேப்பரை விலக்கிப் பார்த்தார். "அயர்லாந்திலையும் உமக்கு ராகம் அகப்பட்டிட்டுதோ?"

"ஓம், அகப்பட்டிட்டுது. உங்களுக்கென்ன விளங்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

எண்களை நோரா தட்டச்சு அடித்து மாசி மாதம் டப்ளினுக்கு அனுப்பினாள். பங்குனியில் பதில் வந்தது. அப்படி ஒரு மெட்டு தன் அட்டைகளில் இல்லை, மன்னிக்கவும். நோரா கடிதத்தை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு டப்ளின்காரர் மேல்தான் கோபம். கரகரப்பிரியாவைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன் என்ன அட்டை வைத்திருக்கிறார்?

ஆவணியில் நோரா வீடு மாறினாள். சாமான்களைக் கழித்துக் கட்டும்போது அந்தத் தட்டை என்னிடம் கொண்டுவந்தாள். "நீ வைச்சிரு. எனக்கு இது இனி வேண்டாம்."

அன்றுதான் அந்தத் தட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். பாட்டு முடிந்த தட்டில் நடுக் காகிதத்தைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். இதில் அது இல்லை. கோடுகள் காகிதத்தின் விளிம்பு வரைக்கும் ஓடி, அப்படியே நின்றிருந்தன. மனுஷன் வாசித்து முடிக்கவில்லை. கூண்டின் நேரம் முடிந்து, பாதி வாசிப்பில் ஊசி எழும்பிவிட்டது.

பாட்டு அமர்ந்த இடம் என்று நான் நம்பியது, அறுந்த இடம். வயலினை எடுத்து ஷட்ஜத்தை ஒரு படி கீழே இறக்கி வாசித்தேன். சங்கராபரணம். ஷட்ஜத்தை மாற்றினால் ராகமும் மாறும், எண்கள் அத்தனையும் மாறும்; மூன்றாம் வருடப் பிள்ளைக்கும் தெரிகிற கிரகபேதம். சீ, என்னடி நீயும் உன் வித்துவமும்!

இப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "அந்தாள் சரியாத் தேடியிருக்கமாட்டார், இன்னொருக்கா அனுப்பிப் பாப்பம்" என்றேன் நோராவிடம். புது எண்களை நானே அடித்து, நானே தபாலில் போட்டேன்.

ஐப்பசியில் தடித்த உறை ஒன்று வந்தது. சாப்பாட்டு மேசையில் நோரா எனக்கு வாசித்துக் காட்டினாள். அட்டை கிடைத்துவிட்டது. கிளேர் மாவட்டத்துக் கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். அறுபத்திரண்டில் பதிந்தது. வாசித்தவர் மார்ட்டின் கீன். மெட்டைத் தன் தம்பி டொம்மிடம் பழகியதாகச் சொல்லியிருக்கிறார், தம்பி இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்பே சிட்னிக்குக் கப்பல் ஏறியவர். டப்ளின்காரர் அந்த வீட்டுக்கே போன் பண்ணியிருக்கிறார். டொம் நாற்பத்தாறிலேயே சிட்னி ஆஸ்பத்திரியில் காசநோயில் இறந்துவிட்டாராம். குழந்தை ஒன்று கன்னியாஸ்திரிகளிடம் இருக்கிறது என்று மட்டும் ஊருக்கு எழுதியிருந்தாராம். எந்த மடம் என்று தெரியாமல் மார்ட்டின் சிட்னிக்குக் கடிதம் கடிதமாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அப்பா வேணுமெண்டு விட்டிட்டுப் போகேல்லை, பாமா" என்றாள் நோரா. அவள் அழுததை அன்றுதான் கண்டேன்.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மார்ட்டின் கீன் இந்த ஆனி மாதம் காலமானார்.

பங்குனியிலேயே பதில் சரியாக வந்திருந்தால் மூன்று மாதம் இருந்திருக்கும். ஒரு கடிதம், ஒரு போன், ஏன், பிளேன் ஏறிப் போய்ப் பார்த்தும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஷட்ஜம் என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும்?

"நோரா, டப்ளின்காரரிலை பிழையில்லை. நான் முதல் அனுப்பின எண்கள் எல்லாம் பிழை. ஆவணியிலையே எனக்குத் தெரியும். உன்னட்டைச் சொல்ல வெக்கமாயிருந்தது, மறைச்சிட்டன்" என்றேன். தட்டையும் கோடுகளையும் பற்றி எல்லாம் சொன்னேன்.

நோரா என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் பதில் வந்த மாதத்திலிருந்து புது எண்கள் போன மாதம் வரைக்கும் மேசையில் விரலை வைத்து மெதுவாக எண்ணினாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி.

"அஞ்சு மாதம்" என்றாள்.

"ஓம்."

"அந்தத் தட்டை முப்பது வருசம் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருந்தது நான், பாமா. இதிலை உன்ர பங்கு அஞ்சு மாதம்தான். அதுக்கு மேலை ஒரு நாள்கூட நீ எடுக்காதை."

மணி அடித்தது. இருவரும் எழுந்து மேசைக்குத் திரும்பினோம். மன்னித்தேன் என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதம் என்னுடையது.