இரண்டு மணிச் சங்கு

"உன் தங்கச்சிய கடலம்மா கூப்புடுறாளாமே, நெசந்தானா?"

ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி இப்படிக் கேட்டபோது, அன்புக்கரசி மண்ணெண்ணெய் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காத்திவாக்கம் குப்பம் முழுக்க அதைத்தான் நம்பியது. பன்னிரண்டு வயதுத் தங்கை செங்கொடிக்குப் பேச்சு வராது. மதியமானால் அலறிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுவாள். அலை காலில் மோதியதும் அடங்கிவிடுவாள். 'இது ஆட்டிசம்மா. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சத்தம், வெளிச்சம் எல்லாம் அவளுக்கு வேற மாதிரி படும்' என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அன்புக்கரசி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள்.

போன மாதம் ஓர் அலை செங்கொடியை இழுத்துப் போனது. கரைவலை இழுத்தவர்கள் பாய்ந்து காப்பாற்றினார்கள். அன்றே தாய்மாமன் மண்ணாங்கட்டி முடிவு செய்துவிட்டார். தெற்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைக் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். திங்கட்கிழமை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது.

ஞாயிறு மாலை, அன்புக்கரசி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தங்கை ஓடிய நாளிலெல்லாம் அவள் கரியால் புள்ளி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை! கடலம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா? சிரிப்பு வந்தது. மறுகணம் காலண்டரை மறுபடி உற்றுப் பார்த்தாள். லீவு பக்கத்துக் கம்பெனிக்குத்தானே! அன்றைக்குத்தானே இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதாது!

பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, குப்பத்தில் யார் காதிலும் அந்தச் சங்கு விழுவதே இல்லை. செங்கொடியின் காதை மட்டும் அது அறுத்திருக்கிறது. அலை இரைச்சலுக்குள் போய்விட்டால் சங்கு அமுங்கிவிடும். அவள் கடலைத் தேடி ஓடவில்லை, சங்குக்குப் பயந்து ஓடியிருக்கிறாள்!

கம்பெனியில் மெஷின் ஓட்டும் அருள்நாதன் வீட்டுக்குப் பறந்தாள். அவர் வேலையில் மாட்டும் காதுமூடியைக் கேட்டு வாங்கிவந்தாள். முதலில் தன் காதில் மாட்டிக் காட்டினாள். பிறகு தங்கை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துச் செங்கொடி தானே அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மாமா வந்தார். கையில் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வாங்கிய புதுச் சங்கிலி.

"இன்னா பச்சையம்மா, மசமசன்னு நின்னுகினு கீற? கெளப்பு புள்ளைய" என்று அம்மாவை விரட்டினார்.

"மாமா... ரெண்டு மணி வரைக்கும் குந்து" என்றாள் அன்புக்கரசி.

"அடேங்கப்பா! ஊமக்கோட்டான் வாயத் தொறந்துச்சுடா!" அதிகம் பேசாத அன்புக்கரசியைப் பார்த்து மாமா சிரித்தார்.

கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் அன்புக்கரசி உட்கார்ந்தாள். "சங்கு ஊதப்போவுது" என்று ஐந்து விரல்களையும் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினாள். செங்கொடி காதுமூடியை மாட்டிக்கொண்டாள்.

சங்கு ஊதியது. செங்கொடி எழுந்தாள். மாமா சங்கிலியோடு வாசலை மறித்தார். அவள் காதுமூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். கடலைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்து, பாதியில் விட்ட கிளிஞ்சல் வரிசையைத் தொடர்ந்தாள்.

சங்கு ஓய்ந்தது.

"ஓடல! யம்மா, ஓடவேயில்ல!" அன்புக்கரசி துள்ளிக் குதித்தாள்.

பச்சையம்மா விம்மினாள். "புள்ள எதுக்கு ஓடுதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டோமாண்ணே? எதால கட்டலாம்னுதான் பாத்துகினு இருந்தோம். கட்டறதுக்குப் பேரு காபந்தா? அதுக்கு இன்னா வலின்னு கண்டுக்கறதுதான் காபந்து."

செங்கொடி காதுமூடியைக் கழற்றினாள். மாமா கையிலிருந்த சங்கிலி கலகலத்தது. அவள் முகம் சுருங்கியது.

மாமா தோள்துண்டை எடுத்தார். சங்கிலியைச் சத்தம் வராமல் அதில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினார்.